பேச ஒரு திரை, முணுமுணுக்க ஒரு திரை

மும்பையில் செம்பூர் ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள டீக்கடையில் ஒருநாள் நான் ஒரு தப்புச் செய்தேன். என்னோடு வந்த அண்ணாச்சியின் கழுத்தில் கட்டியிருந்த வெள்ளைத் துணியைக் கடைக்காரர் பார்த்தார். பிறகு அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, இவருக்குச் சர்க்கரை போடலாமா என்று இந்தியில் கேட்டார். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி உண்டு. அவர் மனைவி, அதாவது என் மதினி, சொல்லி எனக்குத் தெரியும். போடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து, இரண்டு ஸ்பூன் என்று எழுதிக் கடைக்காரரிடம் நீட்டினார். பாகு மாதிரி இருந்த அந்த டீயை என் கண் முன்னாலேயே கடைசிச் சொட்டு வரை குடித்தார். குடித்து முடித்த பிறகு எனக்கென்று இன்னொரு தாளில் எழுதினார்.

“டீ எனக்குதானே தங்கச்சி. என்கிட்டதானே கேக்கணும்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கிளாஸை வாங்கி ரோட்டில் போட்டிருப்பேன். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும், அதை மறைக்கவும் தெரியாது. நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அவரோடு நடுரோட்டில் சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். மறுநாள் அதே கடையில், சர்க்கரை வேண்டாம் என்று அவரே எழுதிக் காட்டி வாங்கிக் குடித்தார். அவர் அப்படித்தான். சரியான பதில் அவரிடம் எப்போதும் இருக்கும். கேள்வி அவரிடம் வர வேண்டும், பதில் அவரிடமிருந்துதான் போக வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் அவர் பெயரையும் இங்கே நான் எழுதப் போவதில்லை. பெயர் வேண்டுமென்றால் அவரிடம் கேளுங்கள், அவரே சொல்லுவார். எனக்கு அவர் அண்ணாச்சி. செம்பூரிலிருந்து சீத்தா கேம்ப் வரைக்கும் உள்ள அடுப்படிகளுக்கு அவர் கேஸ் ஏஜென்சி அண்ணா.

நான் தாராவிக்காரி. கம்ப்யூட்டர் சர்வீஸ் என் தொழில். முதுகில் ஒரு பை, பை நிறைய கேபிள். நான் போகாத ஆபீஸ் இந்தப் பக்கத்தில் குறைவு. எங்கே போனாலும் முதலில் கேட்பது ஒரே வசனம்தான்: நான் எதையும் தொடவே இல்லை மேடம், தானா போச்சு. தொடாமல் தானாகப் போகிற சாமான் எதையும் நான் இத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை. அண்ணாச்சி ஒருவர்தான் போன் போட்டதும், தங்கச்சி, நான்தான் இன்னதைத் தொட்டேன், இன்னதைக் கெடுத்தேன், வா என்பார். அந்த ஒரு காரணத்துக்காகவே மற்ற வேலையைப் போட்டுவிட்டு அவரிடம் ஓடுவேன். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பது அதற்கப்புறம்தான்.

அது அவருக்குக் குரல் இருந்த காலம். சும்மா குரல் இல்லை அது. ஏஜென்சி ஒரு சின்ன அறை. நடுவில் கண்ணாடித் தடுப்பு, அதில் அரைவட்டமாக ஒரு துளை, அந்தப் பக்கம் அண்ணாச்சி, இந்தப் பக்கம் நீல பாஸ்புக்கோடு வரிசை. அவர் பேசினால் துளையே தேவையில்லை, எதிர்ச்சாரியில் ஆட்டோவுக்கு நிற்பவருக்கும் கேட்கும். தமிழ், இந்தி, மராட்டி மூன்றிலும் அதே சத்தம். ஒருவர் போனதும் அடுத்தவர் வருவதற்குள் தாழ்ந்த குரலில் தனக்குள் முணுமுணுப்பது அவர் பழக்கம். மூணாவது தடவையா இந்த அம்மா அதே பேப்பரை மறந்துட்டு வந்திருக்கு, என்கிற மாதிரி ஏதாவது. முணுமுணுத்துவிட்டால் அவருக்கு மனசு சுத்தமாகிவிடும். அடுத்த ஆளைப் புது முகத்தோடு பார்ப்பார்.

தொண்டையில் கட்டி என்று தெரிந்தபோது டாக்டர் மதினியைத் தனியாக அழைத்து விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அண்ணாச்சி பின்னாலேயே போய்க் கதவைத் திறந்து, நோய் எனக்கா அவளுக்கா, என்னிடம் சொல்லுங்கள் என்று கேட்டாராம். குரல்வளையை எடுத்தாக வேண்டும், எடுத்தால் உயிருக்குப் பயமில்லை, குரல் வராது என்று டாக்டர் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். சரி, எடுங்கள் என்று இவரும் முகத்தைப் பார்த்துச் சொன்னார். மதினி இதைச் சொல்லும்போதெல்லாம், எனக்கு அழக்கூட இடம் கொடுக்கல பாத்துக்கோ என்பாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்படிப்பட்டவரோடு குடும்பம் நடத்துவது லேசான காரியமா என்ன.

நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். அதற்குள் ஏஜென்சி முதலாளி பெரிய சேட் வருவதை நிறுத்திவிட்டு மகனை உட்கார வைத்திருந்தார். சின்ன சேட் கெட்டவர் இல்லை, வயசு இருபத்தேழு, பயந்த சுபாவம். வேலையை விட்டு எடுக்க மாட்டேன், ஆனால் பேச முடியாத ஆளைக் கவுண்டரில் வைத்தால் எப்படி, கேஸ் சமாச்சாரம், குடோனுக்குப் போய் ரெஜிஸ்டர் எழுதுங்கள் என்றார். சம்பளம் அதேதான். வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். அண்ணாச்சி முடியாது என்று எழுதிக் கொடுத்தார். இருபத்திரண்டு வருஷம் ஜனங்களுக்குப் பதில் சொன்னவர், சிலிண்டர்களுக்கு மத்தியில் போய் உட்கார மாட்டார். அவருக்கு அந்தக் கவுண்டர்தான் ஊர், உறவு எல்லாம். அதை விட்டால் தான் வெறும் நோயாளி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

முதலில் நோட்டில் எழுதிக் காட்டிப் பார்த்தார். துளை வழியாக நோட்டை நீட்டுவதும் இழுப்பதுமாக வரிசை தெருவரைக்கும் போய்விட்டது. இன்னொரு கூத்து, இவருக்குப் பேச்சு வராது என்று தெரிந்ததும் எல்லாரும் இவரிடம் கத்திப் பேச ஆரம்பித்தார்கள். காது கேக்குது, வாய்தான் லீவு என்று ஒரு அட்டையில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். அப்படியும் கத்தினார்கள்.

இரண்டாவது திரை என்கிற யோசனை அவருடையதுதான். நான்தான் கண்டுபிடித்தேன் என்று தாராவியில் சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும்போது, வாங்குபவர் பக்கம் திரும்பிய குட்டித் திரையில் விலை வருவதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கே எனக்கு மெசேஜ்: அதே மாதிரி ஒரு மானிட்டரை ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்து, இந்தப் பக்கம் நான் தட்டுவது அங்கே பெரிய எழுத்தில் வருமா? பத்து நிமிஷ வேலை அண்ணாச்சி என்று ஜம்பமாகப் பதில் போட்டேன். பதினோரு நாள் ஆயிற்று.

சின்ன சேட் ஒரு மாதம் தவணை கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் வரிசை பழையபடி நகர வேண்டும், புகார் வரக் கூடாது, கடைசிச் சனிக்கிழமை தானே உட்கார்ந்து பார்ப்பேன், தேறவில்லை என்றால் மறுபேச்சில்லாமல் குடோன். அந்தத் தவணையில்தான் என் பதினோரு நாளும் போயிற்று.

அங்கே இருந்தது பழைய கம்ப்யூட்டர், திரையின் கேபிளை மாட்ட ஒரே ஒரு வாசல்தான். நான் என் அவசரப் புத்தியில் ஒரே வாசலை இரண்டாகப் பிரிக்கிற பெட்டி ஒன்றை வாங்கி மாட்டினேன். அது இரண்டு திரையிலும் ஒரே படத்தைத்தான் காட்டும், இது எனக்குத் தெரியாததா. வரிசையில் நின்றவர்களுக்கு அடுத்தவர் வீட்டு விலாசமும் போன் நம்பரும் தெரிந்தன. கழற்றி எறிந்துவிட்டு, யூஎஸ்பியில் செருகுகிற அடாப்டர் வாங்கினேன். அது வேலை செய்தது, ரசீது பிரிண்டர் ஓடாதவரை. பிரிண்டர் ஓடியதும் வெளித்திரை கறுத்துவிடும். கைரேகை மெஷினும் பிரிண்டரும் அடாப்டரும் ஒரே கரண்டைப் பங்கு போட்டுக்கொண்டதுதான் காரணம் என்று கண்டுபிடிக்க இரண்டு நாள். அப்புறம் பத்து நிமிஷம் யாரும் எதையும் தட்டாவிட்டால் திரை தூங்கிவிடும் என்கிற தொல்லை. அதற்கப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் உள்ளும் வெளியும் இடம் மாறிவிடும் என்கிற தொல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் கம்ப்யூட்டரைத் திட்டுவேன், கேபிளைத் திட்டுவேன், அதைச் செய்தவனின் ஏழு தலைமுறையைத் திட்டுவேன். அண்ணாச்சி அமைதியாக ஒரு தாளில், இன்றைக்கு எத்தனை மணிக்குப் போயிற்று, அப்போது தான் எதைத் தொட்டார் என்று வரிசையாக எழுதி வைத்திருப்பார். பாதிக் கோளாறை அந்தத் தாளை வைத்துத்தான் பிடித்தேன். இதை வெளியே நான் ஒத்துக்கொண்டது கிடையாது.

கடைசியில் ஓடியது. அவர் திரையில் மேலே ஒரு பெட்டி, அதில் தட்டுவது வெளித்திரையில் கை அகல எழுத்தாக வரும். கேஸ் கசிவு என்று யாராவது ஓடி வந்தால் நேரம் வீணாகக் கூடாதென்று ஒரே விசையில் மூன்று மொழியிலும் சிவப்பு எழுத்தில் வருகிற மாதிரி அவரே வாசகம் தயார் செய்திருந்தார்: ரெகுலேட்டரை மூடு, ஜன்னலைத் திற, சுவிட்சைத் தொடாதே, ஆள் வருகிறார். சின்ன சேட்டின் பயத்துக்கு அது பதில். ஒருமுறை கோவண்டியிலிருந்து ஒருவர் மூச்சிரைக்க வந்து நின்றார். வாயைத் திறந்து முடிப்பதற்குள் திரை சிவந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போன் போட்டு அதை அப்படியே வாசித்தார். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பெருமையில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லவில்லை.

கீழே இன்னொரு பெட்டியும் இருந்தது. அது வெளியே தெரியாது. ஒருவரை அனுப்பிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவதற்குள் அண்ணாச்சி அதில் மளமளவென்று எதையோ தட்டுவார், நிறுத்துவார், அழித்துவிடுவார். என்ன அண்ணாச்சி அது என்று எட்டிப் பார்த்தேன். முணுமுணுப்பு. குரல் போனாலும் பழக்கம் போகுமா. பேச ஒரு திரை, முணுமுணுக்க ஒரு திரை என்று வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்டால்தான் எழுத்து தெரியும் என்பதால் அந்தப் பெட்டியிலும் எழுத்தைப் பெரிதாகவே வைத்திருந்தார்.

நடுவில் நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். தட்டுவதைக் கம்ப்யூட்டரே வாசிக்கிற மாதிரி ஒரு குரலைப் போட்டுக் கொடுத்தேன், படிக்கத் தெரியாதவர்களுக்கு உதவுமே என்று. அது ஒரு வாக்கியம் பேசியது. அண்ணாச்சி தலையைச் சாய்த்துக் கேட்டார், பிறகு ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கிவிட்டு நோட்டில் எழுதினார்.

“யாரு தங்கச்சி இவன்? எனக்குப் பதிலா பேச இவனை யாரு கூப்பிட்டா?”

படிக்கத் தெரியாதவர்களுக்கு அவர் வைத்திருந்த வழி வேறு. சீத்தா கேம்பிலிருந்து மீன் விற்கிற ஒரு அம்மா வருவாள். அவளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. பின்னால் நின்றவர் திரையைப் பார்த்து, ஆதார் நகல் வேணுமாம், இதுகூடத் தெரியாம வந்திருக்கியே என்று தன் சரக்கையும் சேர்த்துச் சொன்னார். அண்ணாச்சி கண்ணாடியில் விரல் முட்டியால் டக்டக்கென்று தட்டினார். நான் எழுதினதை மட்டும் படிங்க, மறுபடி முதல்லேருந்து படிங்க என்று திரையில் வந்தது. அந்த மனுஷர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சொல்லுக்குச் சொல் படித்தார். அதிலிருந்து அந்த வரிசைக்கே பழக்கமாகிவிட்டது. படிக்கத் தெரியாதவர் வந்தால் பின்னால் நிற்பவர் படிக்க வேண்டும், ஒரு சொல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

இன்னொரு சிக்கல் நான் எதிர்பாராதது. சீத்தா கேம்பிலேயே பிறந்து வளர்ந்த ஒரு பெண், கொரியர் ஆபீசில் வேலை, புது கனெக்‌ஷனுக்காக நாலைந்து தடவை வந்தவள். அண்ணாச்சி அவளுக்குத் தமிழில் தட்டினார். அவள் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

“அண்ணா, எனக்குத் தமிழ் படிக்க வராது. பேச மட்டும்தான் வரும். ஸ்கூல்ல இந்திதான்.”

இந்தியில் தட்டி அவளை அனுப்பி வைத்தார். ஆனால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் சரியில்லை. சாயங்காலம் எனக்கு எழுதினார்: அவள் என்னிடம் தமிழில் பேசுகிறாள், நான் அவளிடம் இந்தியில் பேசுகிறேன், வாய் இருந்தபோது நான் அப்படியா பேசினேன்? மறுநாள் பார்த்தால், தமிழ்ப் பேச்சை அப்படியே இந்தி எழுத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் எடுபடாது அண்ணாச்சி, குழப்பம் வரும் என்று கத்தினேன். அந்தப் பெண் வந்தாள். உதட்டை அசைத்துக் கூட்டிப் படித்தாள், சிரித்தாள், திருநெல்வேலித் தமிழு என்றாள். அவள் அம்மா வீட்டில் பேசுகிற அதே தமிழ்.  ஒரு வாரத்தில் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் அந்த எழுத்துதான். மாற்றி மாற்றித் தட்டுவது தொல்லை என்று அவர் தன் முணுமுணுப்பையும் அதே எழுத்துக்கு மாற்றிக்கொண்டார்.

இப்படியே மாதம் ஓடியது. கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின சாயங்காலம் வெளித்திரை விட்டு விட்டு எரிகிறது என்று அண்ணாச்சி மெசேஜ் போட்டார். போனேன். அடாப்டர் சூடேறிக் கெட்டிருந்தது, புதுசு மாற்றினேன். படம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, உள்ளே இருப்பது அப்படியே வெளியே தெரிகிற மாதிரி ஒரு நிமிஷம் மாற்றி வைத்தேன். படம் கண்ணாடி மாதிரி வந்தது. அப்போது விக்ரோலியிலிருந்து இன்னொரு வாடிக்கையாளர் போனில் கூப்பிட்டுக் கத்தினார். நானும் கத்தினேன். கத்திக்கொண்டே பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். மாற்றி வைத்ததைத் திருப்பி வைக்கவில்லை. பத்தொன்பது வருஷ சர்வீஸ்காரி செய்கிற வேலையா இது? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என்னை நாலு அறை அறைய வேண்டும்போல் இருக்கிறது.

சனிக்கிழமை காலையில் எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. அவர் ஜெயிப்பதைப் பார்க்கப் போனேன். உள்ளே நுழைந்தபோது வரிசையில் ஒரு பத்துப் பேர், எல்லார் கண்ணும் திரையிலேயே இருந்தது. முன்னால் நின்றது அந்தக் கொரியர் ஆபீஸ் பெண். நானும் வெளித்திரையைப் பார்த்தேன். அண்ணாச்சியின் திரை முழுசாக அங்கே தெரிந்தது. மேல் பெட்டியும் தெரிந்தது, கீழ்ப் பெட்டியும் தெரிந்தது. அவருக்கு உள்ளே எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது, அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

நான் முன்னால் போவதற்குள் சின்ன சேட் கேபினிலிருந்து வந்து, ஜனங்கள் பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுத் திரைக்கு நேரே உட்கார்ந்தார். அண்ணாச்சி கண்ணாடி வழியாக அவரைப் பார்த்தார். கை கீழ்ப் பெட்டிக்குப் போயிற்று. மளமளவென்று தட்டினார். இந்தி எழுத்தில், எங்கள் தமிழில், இந்தப் பக்கம் வந்தது.

“பயலுக்கு ஒரு காலி சிலிண்டரைத் தூக்கத் துப்பில்ல. இருவத்திரெண்டு வருசம் உக்காந்தவனுக்குப் பரீட்சை வைக்கான்.”

வரிசையில் இருந்த தமிழாட்கள் தரையைப் பார்த்தார்கள். சின்ன சேட் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். காலி, சிலிண்டர் என்ற இரண்டு சொல்தான் அவருக்குப் புரிந்தது, இந்தியிலும் அதே அர்த்தம்தானே. காலி சிலிண்டருக்கு என்ன என்று முன்னால் நின்ற பெண்ணைக் கேட்டார். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. காலி சிலிண்டரை முதலில் ஒப்படைத்துவிட்டு வரச் சொல்கிறார் சேட், எல்லாரிடமும் பொறுமையாகச் சொல்கிறார் என்று சுத்தமான இந்தியில் சொன்னாள். சின்ன சேட் தலையாட்டினார். நல்லது, வரிசையும் நகர்கிறது, எழுத்தும் தெளிவாக இருக்கிறது என்றார். நாற்காலியிலிருந்து எழுந்தும் விட்டார்.

முடிந்தது, அண்ணாச்சி தேறிவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கோயில் கட்டலாம் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் அண்ணாச்சிக்குக் காது நன்றாகக் கேட்கும். தன் முணுமுணுப்பைச் சேட் வாயால் கேட்டதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பெண் சொன்னதையும் கேட்டார். சும்மா இருந்தால் போதும். ஒன்றும் செய்ய வேண்டாம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். அவரைப் பார்த்துக் கண்ணாலேயே கெஞ்சினேன்.

விரல் முட்டி கண்ணாடியில் டக்டக்கென்று தட்டியது. சின்ன சேட் திரும்பினார். மேல் பெட்டியில் இந்தி எழுத்துகள் வர ஆரம்பித்தன, இந்தத் தடவை இந்தியிலேயே. இந்தப் பிள்ளை சொன்னது நான் எழுதியது இல்லை என்பது வரை வந்துவிட்டது.

நான் கை நீட்டி மானிட்டரின் பின்னாலிருந்த கேபிளைப் பிடுங்கிவிட்டேன். திரை கறுத்து, சிக்னல் இல்லை என்று காட்டியது. சேட், கோளாறு என்னுடையது, நேற்று நான்தான் செட்டிங்கை மாற்றினேன் என்று படபடவென்று உளறினேன். அண்ணாச்சி தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். நீயுமா என்பதுபோல் பார்த்தார். அவர் வாயைப் பொத்தியிருப்பது என் கைதான் என்று அப்போதுதான் உறைத்தது. அவமானமாக இருந்தது. கேபிளைத் திரும்பச் செருகினேன். நாலைந்து நொடி கழித்துத் திரை வந்தது. அவர் விட்ட இடத்திலிருந்து தட்டினார்.

அவர் இந்தியில் தட்டியதைத் தமிழில் தருகிறேன், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல்.

“இந்தப் பிள்ளை சொன்னது நான் எழுதியது இல்லை. அவள் மனசு நல்ல மனசு, அவளை ஒன்றும் சொல்லாதீர்கள். ஒரு காலி சிலிண்டரைத் தூக்கத் தெரியாத பையன், இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறான் என்று எழுதினேன். உங்கள் முகத்துக்கு நேரே சொல்லாமல் முணுமுணுத்தது தப்பு. சொன்னது தப்பில்லை.”

சின்ன சேட் குனிந்து படித்தார். முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.  அந்தக் கொரியர் ஆபீஸ் பெண் துப்பட்டா நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சின்ன சேட் மேனேஜரைக் கூப்பிட்டார். என் அப்பா காலத்திலிருந்து இந்த ஆள் மேல் வந்த புகார் எல்லாம் ஒன்றுதானே, எதிர்த்துப் பேசுகிறார் என்பதுதானே என்று கேட்டார். மேனேஜர் ஆமாம் என்றார். குடோன் ரெஜிஸ்டருக்கு வேறு ஆளைப் பாருங்கள் என்றார் சின்ன சேட்.

அப்புறம் எங்கள் பக்கம் திரும்பினார். கோபமா சிரிப்பா என்று தெரியாத ஒரு முகம். இத்தனை பேர் முன்னால் என்னை இப்படிப் பேசுகிறார், இந்த மனுஷனுக்கு வாய் இல்லை என்று எவன் சொன்னான் என்று இந்தியில் சத்தமாகக் கேட்டார்.

சொன்னது யாரென்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் அண்ணாச்சியைப் பார்த்தோம். கேள்வி எங்களைப் பார்த்துத்தான் கேட்கப்பட்டது, ஆனால் பதில் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அண்ணாச்சி கீபோர்டைப் பக்கத்தில் இழுத்து, மேல் பெட்டியில், அவசரமில்லாமல் தட்டினார்.

“நீங்கதான் சேட்.”